லைனை நிறுத்திய பூஜை மணி

காலையில் என் வீட்டுக்காரர் பூஜையில் மணி அடிக்கும்போதெல்லாம் நான் அடுப்படியிலிருந்து "எங்கே?" என்று கத்திவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "இங்கதான், முருகன் முன்னாடி. பிரச்சினை ஒண்ணுமில்ல, நீ உன் சாம்பாரைப் பாரு" என்று பதில் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்வார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இந்த 'எங்கே'வுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதை எழுத வைத்தது போன வாரம் வந்த ஒரு போன். என் பழைய யூனிட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ப்ரியா என்ற பெண் பேசினாள்.

"வசந்தா ஆன்ட்டிங்களா?"

இங்கே அமெரிக்காவில், ஆபீஸில் எனக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. வெள்ளைக்காரர்களுக்கு வசந்தா, நம்மவர்களுக்கு அக்கா. ரிட்டையர் ஆகி வாசல் கதவைத் தாண்டியதும் ஆன்ட்டி ஆகிவிட்டேன் போலிருக்கிறது. சரி, போகட்டும்.

"ஆன்ட்டி, எங்க மேனேஜர் உங்ககிட்ட கேக்கச் சொன்னார். இப்ப எல்லாம் ஆப்ல வந்துடுச்சு. தப்பு ஏதாவது கண்ணுல பட்டா ஸ்கிரீன்ல ரெட் பட்டனை பிரஸ் பண்ணணும், லைன் நின்னுடும். ஆனா யாருமே பிரஸ் பண்ண மாட்டேங்கறாங்க. நீங்க லீன் ட்ரெய்னிங்ல வந்து கொஞ்சம் பேசறீங்களா?"

"ஏங்கண்ணு, பட்டன் வேலை செய்யுதான்னு பாத்தீங்களா?"

"டெஸ்ட் பண்ணோம் ஆன்ட்டி, சூப்பரா வேலை செய்யுது. பிரஸ் பண்ண உடனே யார் பிரஸ் பண்ணாங்கன்னு எல்லா ஸ்கிரீன்லயும் பேர் வந்துடும்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடையேறிப் பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

எங்கள் யூனிட் நியூ ஜெர்சியில், பார்சிப்பனி என்ற ஊரில் இருந்தது. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்கு மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்புவது எங்கள் வேலை. டாக்டரிடமிருந்து ஆர்டர் வரும். என் டீம் அதைச் சரிபார்க்கும். ஃபார்மசிஸ்ட் மருந்தைப் பையில் போட்டு, பையில் நோயாளியின் பெயரை ஒட்டுவார். பேக்கிங் மேஜையில் பையைப் பெட்டிக்குள் வைத்து, ஐஸ் பேக் அடுக்கி, மேலே விலாச லேபிள் ஒட்டி, டேப் போட்டால் முடிந்தது. மத்தியானம் ட்ரக் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

இந்த வேலைக்கு நான் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, கல்யாணம் ஆகி, இந்த ஊருக்கு வந்து, வேலை செய்ய அனுமதி கிடைக்கும்வரை அபார்ட்மென்ட் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்து, கிடைத்ததும் டேட்டா என்ட்ரியில் சேர்ந்து, ஆர்டர் டீமுக்கு சூப்பர்வைசர் ஆனேன். எழுதினால் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அனுபவித்தபோது அப்படி முடியவில்லை.

அப்புறம் லொரெய்ன் வந்தார்.

லொரெய்ன் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருந்து எங்களுக்கு மேலாளராக வந்த பெண்மணி. ஆறடி உயரம், நரைத்த கிராப்பு, காலில் எப்போதும் இரும்பு வைத்த கனமான ஷூ. தரையில் மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் மூடிய ஷூ போட வேண்டும் என்று சட்டம் வைத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஹை ஹீல்ஸில் வந்த ஒரு அம்மாவைக் கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியவர் அவர். அவருடைய ஷூ சட்டத்தை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அவர் 'லீன்' முறையைக் கொண்டுவரப் போகிறார் என்றதும் எங்கள் யூனிட்டில் கூடிக் கூடிப் பேசினார்கள். மெலிவு என்று அர்த்தமுள்ள அந்த வார்த்தை நம்மவர்களுக்கு ஆள்குறைப்பு என்றுதான் கேட்டது. அவரோ முதல் நாளே, "நான் குறைக்க வந்தது ஆளை இல்லை, வீண் வேலையை" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். காத்திருப்பது வீண், தேவையில்லாமல் நடப்பது வீண், ஒரு தடவை செய்ததைத் திரும்பச் செய்வது எல்லாவற்றையும்விடப் பெரிய வீண். நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். தலையாட்டுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுநாள் பேக்கிங் மேஜைக்கு எதிரே தரையில் நீல டேப்பால் ஒரு வட்டம் போட்டார். என்னை அதற்குள் நிற்கச் சொன்னார். "மத்தியானம் வரைக்கும் இங்கேயே நில்லு. யாரிடமும் பேசாதே, எதையும் சரிசெய்யாதே. பார், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் டீம் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, என்ன தப்பு பண்ணீங்க?" என்று காதோரம் கேட்டாள். இன்னொருவர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். "ஹெச்.ஆர்.கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணுங்கக்கா, இதெல்லாம் அமெரிக்காவில அலவ்டே இல்ல" என்று மூன்றாவது ஆள் சட்டம் பேசினார். சாப்பாட்டு நேரத்தில் லொரெய்ன் வந்து என்ன பார்த்தாய் என்று கேட்டார். எனக்கு டீ கிடைத்ததைத்தான் முதலில் சொன்னேன். "டீ கொண்டுவந்தவர் எந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! அதற்கப்புறம் தினமும் வட்டத்தில் நின்று ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்தது எங்கள் அடுக்கும் பழக்கம். காலையில் வந்த ஆர்டர்களை எல்லாம் என் டீம் குவித்துவைத்து மொத்தமாகச் சரிபார்த்து, மொத்தமாக ஃபார்மசிஸ்டின் தலையில் கட்டும். காலையில் அவர் கொட்டாவி விடுவார், மத்தியானம் மூச்சுவிட நேரம் இருக்காது. ஒவ்வொரு ஆர்டராகச் செய்து, செய்ததும் தள்ளிவிட வேண்டும் என்றார் லொரெய்ன். என் டீமுக்கு இது ஏறவே இல்லை. கடைசியில் நான்தான் பிரேக் ரூமில் வைத்துச் சொன்னேன்: "நாம இதுவரைக்கும் இட்லி ஊத்திட்டு இருந்தோம். மாவுல உப்பு இல்லைன்னா ஒரு ஈடு மொத்தமும் வெந்த அப்புறம்தான் தெரியும். இனிமே தோசை. முதல் தோசையிலயே தெரிஞ்சுடும்." எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஆனால் அன்று மத்தியானம் முழுக்க இட்லி உசத்தியா தோசை உசத்தியா என்று ஒரே விவாதம். அதுவும் வீண் கணக்கில்தான் சேரும்.

வட்டத்தில் நின்றபோது தெரிந்த இரண்டாவது விஷயம் பாஸ்கர்.

பாஸ்கர் மதுரைப் பையன். பையன் என்கிறேனே தவிர, கல்யாணமாகி எலிமென்டரி ஸ்கூல் போகும் மகள் இருந்தாள். நாம் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அவன் பெருமையும் சங்கடமுமாகச் சிரிப்பான். எங்கள் ஆர்டர், லேபிள் எல்லாவற்றையும் ஓட்டுகிற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் அவன் பொறுப்பு. ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் லைன் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்று லொரெய்ன் அவன் மேஜையை மேல்மாடியிலிருந்து இறக்கி, பேக்கிங் மேஜைக்கு அருகே போட்டிருந்தார்.

அவன் விசாவில் இருந்தான். கிரீன் கார்டுக்குக் கம்பெனிதான் விண்ணப்பித்திருந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் யூனிட்டை மூடிவிட்டு வேலையை ஹூஸ்டனில் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றலாமா என்று மேலிடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாற்றினால் எனக்கு வேலைதான் போகும், வேறு தேடிக்கொள்வேன். பாஸ்கருக்கு அப்படி இல்லை. கொடுக்கிற கெடுவுக்குள் விசா கொடுக்க இன்னொரு கம்பெனி கிடைக்காவிட்டால், மகளை ஸ்கூலிலிருந்து நிறுத்தி, மூட்டையைக் கட்ட வேண்டும். இது யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் யூனிட்டில் தப்பே நடப்பதில்லை என்று ரிப்போர்ட் போனால் மூட மாட்டார்கள் என்பது அவன் கணக்கு.

நான் பார்த்தது இதுதான்: அவன் அடிக்கடி எழுந்து டேப் எடுக்கப் போனான். ப்ரோக்ராம்காரனுக்கு டேப் எதற்கு? ட்ரக்குக்குத் தயாராக அடுக்கிய பெட்டிகளைப் போய்ப் பார்த்தேன். சில பெட்டிகளில் டேப்புக்கு மேல் டேப்.

"பாஸ்கர், இந்தப் பெட்டிக்கு மட்டும் ஏன் ரெண்டு டேப்?"

"ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னுதான்க்கா."

"நாளைக்கும் என்னை வட்டத்துக்குள்ள நிக்க வெச்சுக் கேப்பாங்க. என்கிட்டயாவது நெசத்தைச் சொல்லு."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "சில சமயம் லேபிள் மாறிடுதுக்கா. நான் பாத்துப் பாத்து ஓப்பன் பண்ணி மாத்தி ஒட்டிடறேன். வெளிய தெரிஞ்சா தப்புன்னு கவுன்ட் ஆயிடும். ப்ளீஸ்க்கா, லொரெய்ன்கிட்ட சொல்லிடாதீங்க."

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு மனுஷன் தன் வேலையையும் செய்து, லைனின் தப்பையும் சாப்பாட்டு நேரத்தில் ஒளித்து ஒளித்துத் திருத்துகிறான். லொரெய்னிடம் அவன் பெயரைச் சொல்லாமல், "திறந்து ஒட்டின பெட்டிகள் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவே இல்லை. அவர் கேட்கிற ஒரே கேள்வி "எங்கே?" என்பதுதான். லேபிள் மேஜையில் என்றேன். "அப்படியானால் நமக்கு ஒரு மணி வேண்டும்" என்றார்.

தப்பைப் பார்க்கிற யாராக இருந்தாலும் உடனே மணியை அடித்து லைனை நிறுத்த வேண்டும். அவர் வந்து பார்ப்பார். சரியான பிறகுதான் லைன் ஓடும். இதற்கென்று விளக்கும் கயிறுமாக ஒரு ஏற்பாடு இருக்கிறதாம், ஆர்டர் போட்டிருக்கிறாராம், வர நாளாகுமாம். "அதுவரைக்கும் ஏதாவது ஒரு மணி. உங்கள் யாரிடமாவது இருக்கிறதா?" என்றார்.

தமிழ் வீட்டில் மணிக்கா பஞ்சம்? என் வீட்டுக்காரர் அப்போது ஊருக்குப் போயிருந்தார். பூஜை அறையில் சும்மா இருந்த பித்தளை மணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் நான் போய்ப் பார்க்கும்போது மணிக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பூ வேறு. லேபிள் மேஜையின் ஓரத்தில், ஹாண்ட் சானிடைசருக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவில், மணி திவ்யமாக வீற்றிருந்தது. வேலையை ஆரம்பிக்குமுன் ஒரு சிலர் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இதை யார் தப்பு நடந்ததற்கு அடிப்பார்கள்?

முதல் தடவை அது ஒலித்தது ஒரு திங்கட்கிழமை. லொரெய்ன் அறையிலிருந்து தடதடவென்று வந்தார். "எங்கே?"

எல்லோரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றோம். "நோ ப்ராப்ளம், லொரெய்ன்! எல்லா ஆர்டரும் சீக்கிரமே முடிஞ்சுடுச்சு, அதான் அடிச்சோம்!"

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நெருப்பென்று ஓடிவந்தவருக்குக் கேக் கொடுத்த மாதிரி நின்றார். மெதுவாக மூச்சை விட்டுவிட்டு, "இது நல்ல செய்திக்கான மணி இல்லை. கெட்ட செய்திக்கு மட்டும்தான்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். அதற்கப்புறம் மணி ஒலிக்கவே இல்லை. பூஜை மணியைக் கெட்டதற்கு அடிக்க யாருக்கு மனசு வரும்? ஷூ காலோடு எப்படி அடிப்பது? அடித்தால் பக்கத்து மேஜைக்காரரைக் காட்டிக் கொடுத்ததாக ஆகாதா? "ஒரு வாரமாக மணியே அடிக்கவில்லை. நீங்கள் எல்லோரும் மகான்களா, அல்லது என்னிடம் மறைக்கிறீர்களா?" என்று லொரெய்ன் கேட்டார். மறுபடியும் தலையாட்டினோம். எந்தக் கேள்விக்கு ஆமாம் சொன்னோம் என்று அவருக்கும் புரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவே என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பிவிட்டார். மணியைக் காணோம் என்றதும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. "ஏனுங்க, ஆபீஸ் வேலைக்குத்தானுங்க எடுத்துட்டுப் போனேன்" என்றேன். "உங்க ஆபீஸ்ல தீபாராதனையா காட்டறீங்க?" என்றார். எடிசனில் இருக்கும் இந்தியக் கடையில் வேறு மணி வாங்கித் தருகிறேன் என்றாலும் கேட்கவில்லை. என் மணி வருகிற வரைக்கும் இதுதான் என்று எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டிப் பூஜை செய்தார். முருகன் பொறுத்துக்கொண்டார், எனக்குத்தான் தினமும் காது கூசியது.

அந்தக் குளிர்காலத்தில்தான் கிரெக் வந்தார். பார்சிப்பனியா ஹூஸ்டனா என்று முடிவு செய்கிற பெரிய அதிகாரி. பனிப்புயல் வரப்போகிறது என்று ஸ்கூலுக்கெல்லாம் லீவு சொல்லியிருந்த வெள்ளிக்கிழமை. அன்று ட்ரக் கிளம்பாவிட்டால் சனி, ஞாயிறு முழுக்க நோயாளிகளுக்கு மருந்து போகாது. லைன் விறுவிறுவென்று ஓடியது. கிரெக் பேக்கிங் மேஜைக்கு அருகே, மணிக்குப் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார். பாஸ்கர் அவருக்குக் காட்டுவதற்காகவே லேபிள் வேகமாக அச்சாகும்படி ப்ரோக்ராமை அந்த வாரம் மாற்றி எழுதியிருந்தான். முகத்தில் அப்படி ஒரு களை.

கிரெக்குக்குக் காட்டவென்று டேப் போடாத ஒரு பெட்டியைக் கையில் எடுத்தான். நான் ஆர்டர் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகம் மாறியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். அப்புறம் அதற்கடுத்தது.

நடந்தது இதுதான். காலையில் ஒரு கிளினிக் ஓர் ஆர்டரை ரத்து செய்திருந்தது. அந்த மருந்துப் பை லைனிலிருந்து போய்விட்டது. ஆனால் பாஸ்கரின் புதிய ப்ரோக்ராம் அந்த ஆளுக்கும் லேபிள் அடித்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பெட்டியின் மேலும் முந்தின ஆளின் பெயர். ஒருவருடைய ஊசி மருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போகப் போகிறது. பாதிப் பெட்டிகள் ஏற்கனவே ட்ரக்கில் ஏறிவிட்டன.

பாஸ்கர் கையில் டேப் உருளை இருந்தது. கண்ணில் படுகிற பெட்டிகளை அவனால் வழக்கம்போல் கமுக்கமாகத் திருத்திவிட முடியும். ட்ரக்கில் ஏறியதைத் திருத்த முடியாது. சொன்னால், தப்பு அவனுடைய ப்ரோக்ராமில், கேட்கப் போகிறவர் கிரெக். அவன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். நானே எழுந்து போய் அடித்திருப்பேன், அதற்குள் அவன் டேப்பை மேஜையில் வைத்துவிட்டான்.

மணி அருகே போனான். குதிகாலால் ஒரு ஷூவைத் தள்ளினான், பிறகு இன்னொன்றை. இரண்டு காலிலும் இரண்டு நிற சாக்ஸ். அப்படியே நின்று வலது கையால் மணியை எடுத்து அடித்தான்.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். லைன் நின்றது. லொரெய்ன் வந்தார்.

"எங்கே?"

"லேபிள்ல. என் ப்ரோக்ராம்ல. ட்ரக்ல ஏத்தினதிலயும் இருக்கு."

"நன்றி, பாஸ்கர்" என்றார் லொரெய்ன், கிரெக்குக்கும் கேட்கும்படியாக. "இப்போது ஷூவைப் போடு."

ட்ரக்கில் ஏறியதெல்லாம் இறங்கியது. கிரெக்கும் கோட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டி பிரிக்க உட்கார்ந்தார். பாவம், அவருக்கு டேப் கிழிக்கவே வரவில்லை. பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று ட்ரக் டிரைவர் கத்தினார். என் டப்பாவில் இருந்த புளிசாதத்தை அவரிடம் நீட்டினேன். சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அவருக்காக மூன்று பேருடைய மத்தியானச் சாப்பாடு தியாகம் ஆனது. கடைசிப் பெட்டி சரியாகி ஏறியபோது சாலை வெளுத்திருந்தது. ட்ரக் கிளம்பியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிரெக் பார்த்துவிடப் போகிறாரே என்று குனிந்து அட்டைத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

கிரெக் பாஸ்கரிடம் போனார். "ஏன் ஷூவைக் கழற்றினாய்?"

பாஸ்கர் மணியைக் காட்டினான். "எங்க வீட்ல ஷூ போட்டுட்டு இந்த மணியை அடிக்க மாட்டோம், சார்." அவனாகவே தொடர்ந்தான். "இதுக்கு முன்னாடியும் அடிச்சிருக்கணும். அப்பெல்லாம் நானே திறந்து மாத்தி டேப் ஒட்டிட்டேன்."

அடப்பாவி, அதை இப்போதா சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. கிரெக் மேஜையிலிருந்த டேப் உருளையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பாஸ்கர் அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் காரின் பனியைச் சுரண்டிக்கொண்டே, "அக்கா, பொண்ணுகிட்ட மதுரை ஸ்கூல் பத்தி இப்பவே பேச ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டான். "வாயைக் கழுவு. போய் நல்லாத் தூங்கு" என்றேன். நான் தூங்கவில்லை.

பதில் வர வாரங்கள் ஆயின. யூனிட் பார்சிப்பனியிலேயே இருக்கும் என்று வந்தது. கிரெக் லொரெய்னிடம் சொன்ன காரணத்தை அவர் எங்களிடம் சொன்னார்: "ஹூஸ்டன் ரிப்போர்ட்டில் ஒரு தப்புகூட இல்லையாம். உங்களைப் பார்த்த பிறகுதான், அங்கே போய் டேப்பைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம்." எங்கள் கூட்டத்தில் பலமான சிரிப்பு. பாஸ்கர் மட்டும் சிரிக்காமல் பாத்ரூம் பக்கம் போய்விட்டான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

அதற்கப்புறம் மணி தாராளமாக ஒலித்தது. லொரெய்ன் வருவார், எங்கே என்பார், நன்றி என்பார். ஆர்டர் போட்ட விளக்கும் கயிறும் வந்து சேர்ந்து, பெட்டியைப் பிரிக்காமலேயே அலமாரியில் கிடந்தது. எல்லோரும் ஷூ காலோடு அடிக்கப் பழகிவிட்டார்கள், பாஸ்கரைத் தவிர. அவன் ஒவ்வொரு தடவையும் கழற்றுவான். லொரெய்ன் ஒவ்வொரு தடவையும் "ஷூ!" என்று அதட்டுவார். நான் ரிட்டையர் ஆனபோது மணியைப் பெட்டியில் போட்டு எனக்கே கொடுத்தார்கள். பிரிக்க உயிர் போய்விட்டது, டேப்புக்கு மேல் டேப். குங்குமம் அப்படியே இருந்தது. ப்ரியா, உன் மேனேஜரிடம் கேட்டுப் பார், அந்தப் பெட்டியை ஒட்டியது யார் என்று. அந்த ஸ்கிரீனிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி மேலிடத்தில் கேட்கவும் அவனுக்குத் தெரியும். பழைய ஆள் ஒருத்தி எழுதிக் கொடுத்தால் பலமாக இருக்கும் என்றுதான் உன்னை என்னிடம் அனுப்பியிருக்கிறான் பாஸ்கர், கள்ளன்.

ஆனால் நான் சொல்ல ஆசைப்பட்டது இதையெல்லாம் அல்ல. கிரெக் வந்துபோய்ப் பல வருடங்கள் கழித்து, நான் ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு முற்பகலில் மணி அடித்தது. லைன் நின்றது. லொரெய்ன் வந்தார்.

"எங்கே?"

பாஸ்கர் சாக்ஸ் காலோடு நின்றுகொண்டிருந்தான். கையிலிருந்த போனை நீட்டினான். வீட்டுக்குத் தபாலில் வந்ததை அவன் மனைவி படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அவன், மனைவி, மகள், மூன்று பேருடைய கிரீன் கார்டுகளும் சமையல் மேடைமேல் வரிசையாகக் கிடந்தன.

லொரெய்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கெட்ட செய்திக்கு மட்டும்தான் மணி என்று சட்டம் போட்டவர். திட்டப் போகிறார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் என்னைத் திட்டுவதற்குப் பதிலாக என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்த இரும்பு ஷூவின் நாடாவை அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றி, மூச்சுவாங்கி, மற்றதையும் கழற்றினார். சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. வலது கையா என்று என்னிடம் கண்ணாலேயே கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மஞ்சள் கோட்டுக்கு உள்ளே சாக்ஸோடு நின்று, லொரெய்ன் மணியை அடித்தார். நன்றாக, நீளமாக அடித்தார். அதற்குள் எங்களில் முக்கால்வாசிப் பேர் ஷூவைக் கழற்றியிருந்தோம்.

அடித்து முடித்து மணியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, எல்லோரும் ஷூவைப் போடுங்கள்" என்றார். "லைன் நிற்கிறது."